காய்கறிச் சீட்டில் ஆர்கானிக் துருப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற பொங்கல் விடுமுறையில் குமுளியில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, அவளும் பிள்ளைகளும் பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சீட்டளவுக்கு வெட்டிக்கொண்டிருந்தார்கள். கம்பத்தில் எங்கள் வீட்டில் ஆறு ஆண்டுகளாக ஆடிவரும் காய்கறிச் சீட்டைத் தாங்களும் செய்துகொள்வதாகச் சொன்னாள். வெட்டிய சீட்டுகளில் பாதிக்குப் பச்சை மையால் கரை போட்டிருந்தாள். “பச்சைக் கரை போட்டதெல்லாம் ஆர்கானிக், அக்கா, அதுதான் எப்பவும் துருப்பு” என்று அவள் சொன்னதும் எனக்குப் பேச்சே எழவில்லை. அந்தப் பச்சைக் கரைதான் எங்கள் வீட்டில் ஐந்து மாதப் பணத்தைத் தின்றது.

அவளுக்கு முன்பே எதிர்வீட்டுக்காரரும் என் கொழுந்தனாரும் இதே சீட்டைச் செய்து, நான் விழுந்த குழிகளிலேயே விழுந்து எழுந்தவர்கள். அட்டை கோணலாக வெட்டுப்படுவது, ஒரே காய்க்கு இரண்டு சீட்டு எழுதிவிடுவது போன்றவை ஒரு முறை ஆடினாலே தெரிந்துவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆட்டத்தைத் தெரியாதவர்களுக்காக ஒரு குறிப்பு. கம்பத்துக்கும் குமுளிக்கும் நடுவிலுள்ள மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எல்லாரும் ஆடும் இருபத்தெட்டுதான் இதற்கு அடிப்படை. அதில் 32 சீட்டுகளை நால்வர் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஆடுவார்கள். ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று என இனத்துக்கு ஏழாக, நான்கு இனத்துக்கும் சேர்த்து 28 புள்ளிகள். முதல் நான்கு சீட்டுகளைப் பார்த்ததும், எத்தனை புள்ளி எடுப்போம் என்ற கேள்வி 14இலிருந்து தொடங்கும். அதிகம் கேட்டவர் துருப்பை, அதாவது மற்ற இனங்களை வெட்டி வெல்லும் இனத்தை, தீர்மானித்துக் கவிழ்த்து வைப்பார். எங்கள் சீட்டில் ஸ்பேடு, ஆட்டின் இல்லை; இலை, காய், பழம், மளிகை என்ற நான்கு இனங்களும் இனத்துக்கு எட்டுப் பொருள்களும் உண்டு. ஞாயிறு இரவு ஆடி முடிக்கும்போது, வரும் வாரத்தில் எதை ஆர்கானிக்காக வாங்குவது, எதைச் சாதாரணமாக வாங்குவது என்பது முடிவாகிவிட வேண்டும். ஆட்டத்தின் நோக்கமே அதுதான்.

ஆர்கானிக்கை நிரந்தரத் துருப்பாக்குவது

நான் முதலில் செய்த சீட்டில் 32இல் 16 சீட்டுகளுக்குப் பச்சைக் கரை இருந்தது. பச்சைக் கரைச் சீட்டு எதையும் வெட்டும். ஆர்கானிக் பூசணி சாதாரணத் திராட்சையை வெட்டும், ஆர்கானிக் தேங்காய் சாதாரணப் பச்சை மிளகாயை வெட்டும். பிடி எடுத்த, அதாவது சுற்றை வென்ற, பச்சைச் சீட்டுகளில் இருக்கும் பொருள்களை மறுநாள் ஆர்கானிக் கடையில் வாங்க வேண்டும் என்பது விதி. பிள்ளைகளுக்கு நல்ல உணவைப் பழக்குகிறோம் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இதில் இரண்டு பிழைகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறியிருந்தன என்பது மிகவும் தாமதமாகவே எனக்கு விளங்கியது. பச்சைக் கரைக்கு உரிய பொருள்களை நான் தேர்ந்தெடுத்தது எங்கள் ஊர்ப்பக்கத்து ஆர்கானிக் கடையின் அலமாரியைப் பார்த்து. கடைக்காரர் எதை அடுக்குவார்? கெடாமல் நிற்கும் அரிசி, துவரம்பருப்பு, வெல்லம், தேங்காய், சின்ன வெங்காயம், பூசணி, சேனை ஆகியவற்றைத்தான் அடுக்குவார். ஒரே நாளில் வாடிப்போகும் கறிவேப்பிலையையும் புதினாவையும், இரண்டு நாளில் காம்பிலிருந்து உதிரும் பன்னீர்த் திராட்சையையும் அவர் வாங்கி வைப்பதில்லை. ஆகவே, தோலை உரித்தோ சீவியோ ஓட்டை உடைத்தோ சாப்பிடுகிற, பணம் கூடக் கொடுத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லாத பொருள்களுக்கெல்லாம் பச்சைச் சீட்டு இருந்தது; தோலோடும் இலையோடும் அப்படியே வாய்க்குப் போகிற, அதிகம் பூச்சிமருந்து அடிக்கப்படும் பொருள்களுக்குப் பச்சைச் சீட்டே இல்லை. அந்தச் சீட்டுக் கட்டைத்தான் எப்போதும் வெல்லும் துருப்பாக நான் வைத்திருந்தேன்.

ஐந்து மாதங்கள் அப்படி ஆடினோம். கணக்கு நோட்டைக் கூட்டிப் பார்த்தபோது, சாதாரணமாக வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் செலவைவிட 9,400 ரூபாய் அதிகமாகியிருந்தது. அதில் பெரும்பகுதி அரிசிக்கும் தேங்காய்க்கும் போயிருந்தது. அதே ஐந்து மாதமும் கறிவேப்பிலையைச் சந்தையில்தான் வாங்கினோம்.

இதைக் கண்டுபிடித்தவள் நானல்ல. சுருளிப்பட்டியில் திராட்சைப் பந்தல் வைத்திருக்கும் என் சின்னமாமனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களோடு ஆட உட்கார்ந்தார். இரண்டு கை ஆடியபின் சீட்டுகளைப் பரப்பிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, தேங்காய்க்கெல்லாம் பச்சைக் கரை போட்டிருக்க, நம்ம திராட்சைக்கு எங்கம்மா? மழை பிடிச்சா நான் எத்தனை தடவை மருந்து அடிக்கிறேன்னு தெரியுமா?” என்று கேட்டார். மருந்து அடித்தபின் டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள்கள் முடியும்வரை அவர் தம் பேரப்பிள்ளைகளைப் பந்தலுக்குள் விடமாட்டார். கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் அவருக்குப் பெருமை உண்டு. அதற்காகக் கழுவாமல் ஒரு பழத்தைக்கூட வாயில் போடமாட்டார்.

பணம் போனதைவிட, அந்த ஐந்து மாதங்களில் பிள்ளைகள் கற்றுக்கொண்டதுதான் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. ஏன் வாங்குகிறோம் என்று கேட்காமல், பச்சையாக இருந்தால் வென்றுவிடும் என்று பழகிவிட்டார்கள். கடையில் இலைப் படம் போட்ட பாக்கெட்டை என் இளையவன் எட்டி எடுப்பதைப் பார்க்கும்போது, அந்தக் கையைப் பழக்கியது நானே என்று தோன்றும்.

மாற்று வழி இருபத்தெட்டிலேயே இருந்தது. அந்த ஆட்டத்தில் எந்த இனமும் பிறவித் துருப்பு அல்ல. கையில் வந்த சீட்டைப் பார்த்து ஒவ்வொரு முறையும் ஒருவர் கேட்டுத் துணிந்து வைப்பதுதான் துருப்பு. இப்போது எங்கள் வீட்டில் கேள்வியில் வென்றவர், அந்த வாரம் யார் யார் வீட்டில் சாப்பிடுகிறார்கள், கையிருப்பு எவ்வளவு என்பதையும் யோசித்து நான்கில் ஓர் இனத்தைக் கவிழ்த்து வைக்கிறார். கேட்ட எண்ணைப் பத்தால் பெருக்கினால் வருவதுதான் அந்த வாரத்தில் ஆர்கானிக்குக்காகக் கூடுதலாகச் செலவிடலாம் என்கிற தொகை. 17 கேட்டவர் 17 புள்ளி எடுத்தால் 170 ரூபாய். எடுக்காவிட்டால் அந்த வாரம் எதையும் கூடுதல் விலைக்கு வாங்குவதில்லை. அந்தத் தொகைக்கு உட்பட்டு, துருப்பு இனத்தில் புள்ளி உள்ள நான்கு பொருள்களை மட்டும் வாங்குகிறோம்.

புள்ளிகளுக்குக் காரணம் வேண்டும். தோலோடு அல்லது இலையோடு சாப்பிடுகிறோமா, வாரத்தில் எத்தனை நாள் சமைக்கிறோம், எவ்வளவு மருந்து அடிக்கப்படுகிறது என்ற மூன்றையும் பார்த்துத்தான் 3, 2, 1, 1 கொடுக்கிறோம். இலையில் கறிவேப்பிலைக்கு 3, புதினாவுக்கு 2. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் வெள்ளாயணி ஆய்வகம் கடைக் காய்கறிகளைச் சோதித்து வெளியிட்ட அறிக்கைகளில் இவை இரண்டும் கொத்தமல்லியும் பலமுறை இடம்பெற்றிருக்கின்றன. பழத்தில் திராட்சைக்கு 3. பலாவுக்கும் அன்னாசிக்கும் பூஜ்யம். மளிகையில் தேங்காய்க்குப் பூஜ்யம் போடும்போது என் கை கொஞ்சம் வேகமாகவே எழுதியது.

அமெரிக்கப் பட்டியலைச் சீட்டாக்குவது

என் கொழுந்தனார் செய்த கட்டில் ஸ்ட்ராபெர்ரிக்கும் கேல் கீரைக்கும் 3 புள்ளி இருந்தது. அவர் வீட்டில் யாரும் கேல் கீரையைக் கண்ணால் பார்த்ததில்லை. அமெரிக்கத் தன்னார்வ அமைப்பு ஒன்று, அந்நாட்டு வேளாண் துறையின் பரிசோதனை முடிவுகளைக் கொண்டு ஆண்டுதோறும் வெளியிடும், மருந்தெச்சம் அதிகமுள்ள காய்கனிகளின் பட்டியலிலிருந்து எடுத்தவை அவை. அங்கே விளைவது வேறு, அடிப்பது வேறு, உண்பது வேறு. உங்கள் வீட்டு ஒரு மாத மளிகைச் சீட்டையும் சந்தைப் பையையும் பார்த்து 32 பொருள்களை எழுதுங்கள்.

“வாங்காதே” என்னும் சீட்டு இல்லாமை

வீட்டில் விளைவதைக் கடையில் வாங்க வேண்டாம் என்று சொல்லும் சீட்டும் வேண்டும். ஒரு தொட்டியில் கறிவேப்பிலைக் கன்று வையுங்கள்; 3 புள்ளிச் சீட்டு ஒன்று கடைக்கே போகாது.

முத்திரையைப் படிக்காமல் விளையாடுவது

ஆர்கானிக் என்று எழுதியிருப்பதும் ஆர்கானிக்காக இருப்பதும் ஒன்றல்ல. மேலே சொன்ன ஐந்து மாதத்தில் நான் வாங்கிய அரிசிப் பையில் இலைப் படமும் மாட்டுப் படமும் இருந்தனவே தவிர எந்தச் சான்றின் முத்திரையும் இல்லை. நம் நாட்டில் இரண்டு வகைச் சான்றுகள் உள்ளன. ஒன்று, மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி ஆணையமான அபேடா நிர்வகிக்கும் என்.பி.ஓ.பி. (தேசிய ஆர்கானிக் உற்பத்தித் திட்டம்) முறை; வெளி நிறுவனம் ஒன்று தோட்டத்தைச் சோதித்துச் சான்று தரும். மற்றொன்று, விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்து உறுதி செய்யும் பி.ஜி.எஸ். முறை. இந்த இரண்டாவது முறையில் ‘பி.ஜி.எஸ். கிரீன்’ என்றிருந்தால் நிலம் இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது என்றும், ‘பி.ஜி.எஸ். ஆர்கானிக்’ என்றிருந்தால் மாற்றம் முடிந்துவிட்டது என்றும் பொருள். என்.பி.ஓ.பி. முறையில் ஆண்டுப் பயிருக்கு இரண்டு ஆண்டுகளும், திராட்சை, ஏலம் போன்ற பல்லாண்டுப் பயிருக்கு மூன்று ஆண்டுகளும் மாற்றக் காலமாகக் கழிய வேண்டும். கடையில் விற்கும் ஆர்கானிக் உணவில் ‘ஜைவிக் பாரத்’ முத்திரை இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017இல் விதி கொண்டுவந்தது.

சிறு விவசாயி தம் விளைச்சலைத் தாமே நேரடியாக நமக்கு விற்கும்போது சான்று கட்டாயமில்லை; ஆனால் அவர் அந்த முத்திரையைப் பயன்படுத்தக் கூடாது. அங்கே நாம்தான் தோட்டத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். ஆர்கானிக் என்றால் எதுவுமே தெளிக்கமாட்டார்கள் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். வேப்பெண்ணெய்க் கரைசலும் ஐந்திலைக் கரைசலும் அடிப்பார்கள். கட்டுப்பாட்டோடு, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையும் அனுமதிக்கப்படுகிறது.

சத்துக்குப் புள்ளி கொடுப்பது

வேண்டாம். 200க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தினர் 2012இல் வெளியிட்ட கட்டுரையில், சத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை என்றும் மருந்தெச்சம் இருக்கும் வாய்ப்புதான் ஆர்கானிக்கில் குறைவு என்றும் கண்டார்கள்.

கலப்படத்தையும் மருந்தெச்சத்தையும் ஒரே சீட்டில் எழுதுவது

எதிர்வீட்டுக்காரர் மீனுக்கும் ஒரு சீட்டு எழுதி 3 புள்ளி கொடுத்திருந்தார். 2018இல் ஆரியங்காவிலும் வாளையாற்றிலும் சோதனைச்சாவடிகளில் கெடாமல் இருக்க ஃபார்மலின் என்ற ரசாயனம் கலந்த மீன் பிடிபட்டதை அவர் மறக்கவில்லை. அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் அது வழியில் சேர்த்த கலப்படம், விளைச்சலில் அடித்த மருந்தின் எச்சம் அல்ல. மஞ்சள் தூளில் நிறமேற்றுவதும் அப்படித்தான். அதற்குத் தீர்வு விரலி மஞ்சளாக வாங்கி அரைப்பதே.

“கழுவினால் போய்விடும்” என்னும் விதி

பாதி உண்மை. உப்பு நீரிலோ புளிக் கரைசலிலோ சிறிது நேரம் ஊறவைத்து நல்ல தண்ணீரில் அலசினால், மேற்பரப்பில் படிந்திருப்பதில் ஒரு பகுதி போகும். இமிடாகுளோபிரிட் போல ஊடுருவிப் பாயும் மருந்து செடியின் சாற்றிலேயே கலந்திருப்பதால், அதை எந்தக் கரைசலும் முழுமையாக எடுக்காது. என் தங்கை எழுதிய “கழுவிய சீட்டு எல்லாவற்றையும் வெட்டும்” என்ற விதியை அங்கேயே அடிக்கச் சொன்னேன்.

பிள்ளை தோற்று அழுகிறான் என்று நடுவில் விதியை மாற்றுவது

மாற்றாதீர்கள்.

சாப்பிடுகிறவரை மட்டும் எண்ணுவது

இதில் எனக்கும் என் தங்கை கணவருக்கும் இன்னும் வாக்குவாதம் தீரவில்லை. ஏலக்காயைப் பாயசத்துக்கு இரண்டு தட்டிப் போடுகிறோம், அந்த அளவுக்கு என்ன மருந்து உடம்பில் சேர்ந்துவிடும் என்று நான் பூஜ்யம் போட்டிருந்தேன். அவர் ஏலத்தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருக்கிறார். விடியுமுன் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறி வருகிறவர்கள், மருந்து அடித்த காட்டுக்குள்தான் நாளெல்லாம் நின்று காய் எடுக்கிறார்கள். அவர்களுக்கு யார் புள்ளி கொடுப்பது என்று கேட்டார். காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களின் மேல் ஹெலிகாப்டரிலிருந்து 20 ஆண்டுகளுக்கு மேல் எண்டோசல்ஃபான் என்ற பூச்சிமருந்தைத் தெளித்தார்கள். உச்ச நீதிமன்றம் 2011இல் அந்த மருந்துக்கு நாடு முழுவதும் தடை விதித்தது. முந்திரிப்பருப்பு ஓட்டுக்குள் இருப்பது; என் முறைப்படி அதற்குப் பூஜ்யம்தான் வரும். ஆனால் நோயில் விழுந்தவர்கள் தோட்டங்களைச் சுற்றிக் குடியிருந்தவர்கள், பருப்பைத் தின்றவர்கள் அல்லர்.

அதன்பின் ஏலக்காய்க்கு 1 கொடுத்தேன். அதற்காக மளிகை இனத்தில் உளுந்திலிருந்து ஒரு புள்ளியைப் பிடுங்க வேண்டியிருந்தது. மொத்தம் 28ஐத் தாண்டக் கூடாதல்லவா. அவர் 2 கேட்கிறார்.

புள்ளியைப் பேனாவில் எழுதுவது

பென்சிலில் எழுதுங்கள். மழைக்காலத்தில் அடிச்சாம்பல் நோய் திராட்சையைப் பிடிக்கும். அடிக்கும் மருந்தும் கூடும். வெயிலில் கொஞ்சம் தணியும். சின்னமாமனார் வரும்போதெல்லாம் பந்தல் நிலவரத்தைச் சொல்லி, தம் கையாலேயே அழித்து எழுதிவிட்டுப் போகிறார். அழித்து அழித்துத் திராட்சைச் சீட்டு மூலையில் பிய்ந்துவிட்டதால், கவிழ்த்து வைத்தாலும் அது எதுவென்று எல்லாருக்கும் தெரிகிறது. ஐப்பசிக்கு முன் அதற்கு மட்டும் புதுச் சீட்டு வெட்ட வேண்டும். தங்கையிடம் இரண்டு பத்திரிகை கேட்டிருக்கிறேன்.