கேரம் போர்டுக்குப் பக்கத்தில் ஒரு பறை: ஊர் இளைஞர் மன்றத்தில் கலைக்குழு தொடங்குவது எப்படி?

எங்கள் ஊர் இளைஞர் நற்பணி மன்றத்தின் சொத்து ஒரு கேரம் போர்டு, காற்றுப்போன ஒரு வாலிபால், நாலு பழைய ஃபிளெக்ஸ். பொங்கலுக்கு உறியடி, சாக்கு ஓட்டம். ராத்திரி ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டைப் போட்டு நாலு பேர் ஆடினால் அதுதான் 'கலை நிகழ்ச்சி'. இப்போது பதினொரு பேர் பறையடிக்கிறோம். இதில் நாங்கள் சொதப்பியதையும் சேர்த்தே சொல்கிறேன்.

படி 1: முதலில் தேதி, அப்புறம் வகுப்பு

முதல் தடவை தேதியே குறிக்காமல் ஆரம்பித்தோம். ஆடியில் இருபத்திரண்டு பேர் வந்தார்கள், புரட்டாசியில் ஐந்து பேர். எதற்காகப் பழகுகிறோம் என்று யாருக்கும் தெரியவில்லை. அடுத்த தடவை, "பொங்கலன்று மந்தையில் 15 நிமிடம்" என்று ஊர்க்கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லிவிட்டோம். அதற்கப்புறம் பின்வாங்கினால் மானம் போகும்!

தேதியிலிருந்து பத்து வாரம் பின்னால் எண்ணுங்கள். பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகள் இருந்தால் சித்திரைத் திருவிழாவைக் குறிவைக்காதீர்கள், தேர்வு குறுக்கே வரும். பொங்கல் என்றால் பயிற்சி ஐப்பசி, கார்த்திகை மழையில் மாட்டும். கூரையுள்ள இடத்தை முன்கூட்டியே பிடித்து வையுங்கள்.

படி 2: ஆசான் பக்கத்தில் இருக்கிற கலையை எடுங்கள்

பிடித்த கலையைத் தேடி அலைவதைவிட, பஸ்ஸில் வந்துபோகிற தூரத்தில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். கொங்குப் பக்கம் என்றால் வள்ளி ஒயில் கும்மி. பெண்களுக்கும் அதைக் கற்றுக்கொடுத்த பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். திருவண்ணாமலை வட்டாரத்தில் தெருக்கூத்து, குமரியில் குச்சி தட்டி ஆடும் களியல். எங்கள் மதுரைப் பக்கம் ஒயிலாட்டமும் பறையும். பறைக்காக வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது எங்கள் பயல்கள் அந்தச் செய்தியை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார்கள். அதிலிருந்து தொடங்கியதுதான் எங்கள் ஆசை.

யூடியூப் பார்த்துப் பழகலாமே என்பார்கள். பாருங்கள், தப்பில்லை. ஆனால் மணிக்கட்டு விறைத்திருப்பதை யூடியூப் வந்து தட்டித் திருத்தாது. மாவட்ட அரசு இசைப்பள்ளியோ கலை பண்பாட்டுத் துறையின் மண்டல அலுவலகமோ அருகில் இருந்தால், அங்கேயும் ஆசான்களைப் பற்றிக் கேளுங்கள்.

படி 3: சாதிப் பேச்சை முதல் கூட்டத்திலேயே பேசிவிடுங்கள்

பறை தவிர மற்ற கலையை எடுப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடலாம் என்று நினைக்கலாம். தாண்டாதீர்கள். யார் வீட்டுத் திண்ணையில் பயிற்சி, யார் எந்தத் தெருவுக்குள் வரலாம் என்று ஏதோ ஒரு வடிவில் அது வந்தே தீரும்.

எங்களிடம் இரண்டு பக்கமிருந்தும் வந்தது. ஒரு அப்பா கேட்டார்: "சாவுக்கு அடிக்கிறத எம்மகன் தோள்ல மாட்டணுமா?" அதற்குப் பதில் வைத்திருந்தோம். எதிர்பார்க்காதது காலனித் தம்பி ஒருவன் கேட்டது: "எங்க தாத்தாவ வலுக்கட்டாயமா அடிக்க வச்சாங்கண்ணே. நாங்க விடணும்னு பாக்குறோம், நீங்க எடுக்கணும்னு வர்றீங்க." கூட்டம் கப்சிப் ஆகிவிட்டது. எனக்கும் வாய் வரவில்லை.

அன்று ராத்திரி பேசி முடிவானவை இவைதான். பயிற்சி எந்தத் தெருவிலும் இல்லை, பள்ளிக்கூட மைதானத்தில். பறையைக் காய்ச்சுவது, சுமப்பது, துடைப்பது எல்லோருக்கும் முறைவைத்து. சாதி வழக்கம் என்று யாரும் எங்களை எந்த வீட்டு வாசலுக்கும் கூப்பிடக் கூடாது, கூப்பிட்டால் போக மாட்டோம். நிகழ்ச்சி என்றால் பணம் பேசித்தான். நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். அந்தத் தம்பி மூன்று வாரம் கழித்து வந்தான். கேள்வி கேட்ட அப்பாவின் மகன் இன்றுவரை வரவில்லை.

படி 4: ஆசானுக்குச் சம்பளம்

"சேவையா நினைச்சு வாங்கய்யா" என்று கூப்பிடாதீர்கள், அவருக்கும் அடுப்பு எரிய வேண்டும். ஒரு வகுப்புக்கு இவ்வளவு, பஸ் காசு, ராத்திரிச் சாப்பாடு என்று முதலிலேயே பேசி, வகுப்பு முடிந்த கையோடு கொடுங்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் அவர் பதிவு செய்யவில்லை என்றால், விண்ணப்பம் நிரப்ப மன்றத்துப் பிள்ளைகள் உதவலாம்.

படி 5: கருவி

ஆளுக்கொன்று வாங்காதீர்கள். ஐந்து பறை போதும், மற்றவர்கள் பழைய டயரில் அடித்துப் பழகட்டும். குச்சி இரண்டு வகை: வலக்கையில் குட்டையான தடித்த அடிக்குச்சி, இடக்கையில் நீளமான மெல்லிய சிண்டுக்குச்சி. சிண்டு மூங்கிலில் சீவியது. அடிக்கடி உடையும், கட்டாக வாங்கி வையுங்கள்.

தோல் ஈரக்காற்றில் தொய்ந்துவிடும். வைக்கோலோ பழைய பேப்பரோ கொளுத்தி, பறையை நெருப்புக்கு மேல் காட்டிச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நடுநடுவே விரலால் தட்டிப் பாருங்கள். முதலில் 'தொப்' என்று கேட்கும், சூடேற ஏற 'ணங்'கென்று எழும்பும். அந்த இடத்தில் எடுத்துவிடுங்கள். நான் போனில் பேசிக்கொண்டே காய்ச்சியதில் ஒரு பறையின் தோல் கருகிக் கிழிந்தது. ஆசான் திட்டவில்லை. கிழிந்த பறையை என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். மழைக்கால ஒத்திகைக்கு ஃபைபர் முகம் போட்ட பறை ஒன்றிரண்டு இருப்பது நல்லது, சத்தம் என்னவோ தோலுக்கு ஈடாகாது.

படி 6: பயிற்சி

வாரம் இரண்டு நாள், ஒன்றரை மணி நேரம். முதல் இரண்டு வாரம் கால் அசையக் கூடாது, கை மட்டும். சொற்கட்டை, அதாவது அடியின் தாளச் சொற்களை, வாயால் சொல்லிவிட்டு அப்புறம் அடிக்க வேண்டும். வாயில் வராதது கையில் வராது என்பார் எங்கள் ஆசான். மூன்றாவது வாரம் அடவு (கால் அசைவு) சேர்க்கும்போது கையும் காலும் சண்டை போடும். பாதிப்பேர் ஓடப் பார்ப்பது இந்த வாரத்தில்தான், டீயும் வடையும் வாங்கிக் கொடுத்துப் பிடித்து வையுங்கள்.

பெண் பிள்ளைகள் வர வேண்டுமானால் நேரத்தை அவர்களிடம் கேட்டு வையுங்கள். நாங்கள் ராத்திரி ஏழு மணி என்று வைத்துவிட்டு, "பொண்ணுங்க யாரும் வரல" என்று அலுத்துக்கொண்டோம். சனி, ஞாயிறு நாலு மணிக்கு மாற்றியதும் நாலு பேர் வந்தார்கள்.

படி 7: காகித வேலை

மன்றத்தைத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் பதிவு செய்ய ஏழு பேர் போதும். மைக் செட்டுக்குக் காவல் நிலையத்தில் அனுமதி வாங்குங்கள், இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. மாவட்டந்தோறும் தரும் கலை விருதுகளில் 18 வயது வரை கலை இளமணி, 19 முதல் 35 வரை கலை வளர்மணி உண்டு. பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

படி 8: மேடை

15 நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். முதல் அடியை ஆசான் அடிக்கட்டும், நாற்காலி போடும்போது முன்வரிசையில் அவருக்கும் ஒன்று. பறைக்கு மைக் வேண்டாம். எங்கள் பொங்கலில் நடுவே இரண்டு பேர் அடி தவறினார்கள், கூட்டத்துக்குத் தெரியவே இல்லை. மறுநாள் கேட்ட ஒரே குறை, "அதுக்குள்ள முடிச்சிட்டீங்களே."

ஆட்டம் முடிந்த அன்றே பறைகளைத் துடைத்து மாட்டிவிடுங்கள், தரையில் போட்டால் எலி தோலைக் கடித்துவிடும். நாங்கள் கேரம் போர்டுக்கு மேலே சுவரில் ஐந்து ஆணி அடித்து மாட்டியிருக்கிறோம்.