மல்கத்தா அரண்மனை: இடிபாடுகளைப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எகிப்திய அரண்மனை என்றதும் வானளாவிய கல்தூண்களைத் தேடுவதே பலரும் செய்யும் முதல் தவறு. எகிப்தின் லக்சர் என்ற ஊர்ப்பெயரும் அதற்குத் துணைபோகிறது. ‘அரண்மனைகள்’, ‘கோட்டைகள்’ எனப் பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது, ஆனால் அங்கே நிமிர்ந்து நிற்பவை கோயில்கள். எகிப்தியர் கல்லைப் பெரும்பாலும் தெய்வங்களுக்கும் இறந்தோருக்கும் ஒதுக்கினர். வாழும் அரசனுக்கு, நைல் வண்டலில் வைக்கோல் கலந்து பிசைந்து வெயிலில் உலர்த்திய பச்சைச் செங்கல்லே போதுமாயிருந்தது. லக்சருக்கு எதிரே, ஆற்றின் மேற்குக் கரையில், கி.மு. 14ஆம் நூற்றாண்டில் எகிப்திய அரசன் மூன்றாம் அமென்ஹோத்தெப் எழுப்பிய மல்கத்தா அரண்மனை அத்தகையது.

எஞ்சிய தாழ்வான மண்சுவர்களைக் கண்டு, எளிய கட்டடம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அறைகளின் விதானம் முழுவதும் ஓவியம் இருந்தது: அரசனின் படுக்கையறையில் சிறகு விரித்த பிணந்தின்னிக் கழுகுகள், அடுத்த அறையில் சுருள்கோலங்களுக்கு நடுவே மாட்டுத் தலைகள். மரச்சட்டங்களுக்கு அடியில் நாணல் கட்டி, அதன்மேல் மண் பூசி வரைந்தவை இவை. கூரை சரிந்தபோது அனைத்தும் தரையில் உதிர்ந்தன. எனவே தரையில் கிடைத்த வண்ணத் துண்டையெல்லாம் தரை ஓவியம் என்று கொள்வது பிழை. துண்டைத் திருப்பிப் பார்த்தால், பின்புறத்தில் பதிந்த நாணல் தடமே அது எங்கிருந்து விழுந்தது என்பதைச் சொல்லிவிடும்.

அதிகக் குழப்பம் விளைவிப்பவை ஜாடி ஓடுகள். மதுவும் பதப்படுத்திய இறைச்சியும் கொழுப்பும் வந்திறங்கிய ஜாடிகளின் தோளில், மையால் ஆண்டும் பொருளும் அனுப்பியவர் பெயரும் எழுதப்பட்டிருந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓடுகள் கிடைத்துள்ளன. அதிலுள்ள எண் அரசனின் ஆட்சியாண்டு. மது ஜாடியானால், அது மது தயாரான ஆண்டு, குடித்த ஆண்டாக இருக்க வேண்டியதில்லை. ஓர் ஓட்டை வைத்து அறையின் வயதைக் கணிப்பதைவிட, ஓடுகளை மொத்தமாகப் படிப்பதே முறை. அப்படிப் படித்தால் 30, 34, 37 ஆகிய ஆண்டுகளில் சரக்கு குவிந்தது தெரியும். அவை அரசன் ‘செட்’ என்னும் ஆட்சி விழாவை நடத்திய ஆண்டுகள். ஆக, இதை அரச குடும்பம் வசித்த வீடாக மட்டும் கருதுவதும் தவறுதான். இது விழாவுக்கென விரிந்த ஊர் எனலாம்.

அருகிலுள்ள மண்மேடுகளை இயற்கைக் குன்றுகள் என்று கடந்து போகிறவர்கள் உண்டு. பிர்கெத் ஹாபு என்னும் மாபெரும் செயற்கைத் துறைமுகத்தைத் தோண்டியபோது வெளியே கொட்டிய மண் அது. இத்துறைமுகத்தையே, தன் அரசி தியேவுக்காக அமென்ஹோத்தெப் வெட்டியதாக நினைவு வண்டுக்கற்கள் (வண்டு வடிவில் செதுக்கி, அரசனின் செயல்களைப் பொறித்த சிறு கற்கள்) கூறும் ஏரி என்று முன்னாளில் ஆய்வாளர்களே நம்பினர். அக்கற்கள் சொல்லும் ஊர் ஜாருகா. அதை இன்று வடக்கே வெகுதொலைவில், அக்மீம் என்ற ஊரின் பக்கத்தில் வைத்தே பலரும் பேசுகின்றனர்.

அரண்மனைக்கு ‘ஒளிரும் ஆத்தென்’ (ஆத்தென் என்பது சூரிய வட்டத் தெய்வம்) என்ற பெயரும் இருந்ததால், அந்த ஆத்தெனையே முன்னிறுத்திய மகன் அக்கெநாத்தெனின் ஒற்றைக் கடவுள் வழிபாடு இங்கேயே தொடங்கிவிட்டது என எழுதுவது அவசரம். அதே வளாகத்தின் வடபுறம் ஆமுன் என்னும் வேறொரு தெய்வத்துக்கும் ஒரு கோயில் இருந்தது.