பழைய கொம்பியூட்டருக்குக் கிராஃபிக்ஸ் கார்ட் வாங்குமுன்: காசைக் கரைக்கும் தவறுகள்

"அண்ணா, இந்தக் காசுக்கு எந்தக் கார்ட் திறம்?" யாழ்ப்பாணத்துப் பெடியன்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. கார்டைப் பற்றிக் கேட்குமுன் வீட்டில் இருக்கிற பெட்டியைப் பற்றிக் கேட்க வேண்டும். அது எந்தக் கார்டைத் தாங்கும் என்பது தெரிந்தால், பட்டியலில் பாதி தானாகவே கழிந்துவிடும்.

இங்கே பல வீடுகளில் இருப்பது அலுவலகத்தில் பாவித்துக் கழித்த டெல் அல்லது எச்பி பெட்டிதான். உள்ளே மூன்றாம், நான்காம் தலைமுறை ஐ5 பிராசஸர் இருக்கும். எழுதுவதற்கும் படிப்பதற்கும் இன்றைக்கும் குறையில்லை. ஆனால் அதன் பவர் சப்ளை பெரும்பாலும் 300 வாட்டுக்கும் குறைவு, கார்டுக்குக் கொடுக்கத் தனி வயரும் இருக்காது. இதைப் பார்க்காமல் கார்ட் வாங்குவதுதான் ஆகப் பெரிய தவறு.

கடையில் கூட்டித் தந்த பெட்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். பவர் சப்ளையின் பக்கவாட்டில் 450 வாட் என்று பெரிய எழுத்தில் அடித்திருப்பார்கள். அதை நம்பாமல், கீழே சின்ன எழுத்தில் உள்ள அட்டவணையில் 12 வோல்ட் வரியைத் தேடுங்கள். அதில் 17 ஆம்பியர் என்று இருந்தால் 12 × 17 = 204 வாட். கார்டும் பிராசஸரும் பங்கு போடுவது இந்த 204-ஐத்தான். ஐ5 3470 பிராசஸருக்கு 77 வாட், ஆர்எக்ஸ் 6600 கார்டுக்கு 132 வாட் என்று கணக்குப் போட்டால் 209. ஃபேனுக்கும் ஹார்ட் டிஸ்குக்கும் ஒன்றும் கொடுக்காமலே கணக்குத் தாண்டிவிட்டது. கேம் சூடு பிடிக்கிற நேரம் பெட்டி சடாரென்று நிற்பது இதனால்தான்.

கார்ட் மாட்டுகிற சொருகி கொடுக்கக்கூடியது 75 வாட். 6 பின் வயர் இன்னொரு 75, 8 பின் வயர் 150. வயர் இல்லையென்றால் ஹார்ட் டிஸ்குக்குப் பவர் கொடுக்கிற சாட்டா வயரை 6 பின்னாக மாற்றும் துண்டு ஒன்றைச் சில கடைகளில் தருவார்கள். தயவுசெய்து அதை வாங்காதீர்கள். சாட்டா முனை 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட்தான். அதற்கு மேல் இழுத்தால் பிளாஸ்டிக் உருகும், தீயும் பிடிக்கலாம். ஒன்றில் நல்ல பவர் சப்ளை போடுங்கள், அல்லது தனி வயர் கேட்காத கார்டாகப் பாருங்கள்: ஜிடிஎக்ஸ் 1650-இல் சில மாடல்கள், 70 வாட் மட்டும் எடுக்கிற 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050. பிராண்ட் பெட்டிகளில் பவர் சப்ளையை மாற்றுவதும் லேசில்லை. பல டெல் பெட்டிகளில் மதர்போர்ட் முனையே வேறு மாதிரி இருக்கும்.

அப்புறம் யூபிஎஸ். 650 விஏ என்றால் 650 வாட் இல்லை, ஏறத்தாழ 360 முதல் 390 வாட் வரைதான். பற்றரியும் பழசென்றால், கேம் ஓடுகிற நேரம் கரண்ட் போனதும் எல்லாம் சேர்ந்து அணைந்துவிடும்.

பெட்டியின் அளவையும் ரேப்பால் அளந்துவிடுங்கள். ஒல்லியான பெட்டிக்கு அரை உயரக் கார்ட் மட்டுமே பொருந்தும்.

புதுசு என்றால் பழைய மதர்போர்டில் முழு வேகத்தில் ஓடும் என்று நினைப்பதும் தவறு. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, 6400 இரண்டும் நான்கு லேன் (கார்டுக்கும் போர்டுக்கும் இடையில் தரவு ஓடும் பாதை) மட்டும் பாவிப்பவை. கார்ட் சொருகி பிசிஐஇ 4-ஆம் தலைமுறையாக இருக்கிற போர்டில் அது பெரிதாகத் தெரியாது, 3 அல்லது 2 போர்டில் வேகம் குறையும். இன்டெல் ஆர்க் கார்டுகளுக்கு ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரே தடவையில் அணுக விடுகிற) வசதி வேண்டும். மூன்றாம், நான்காம் தலைமுறைப் பெட்டிகளில் அது வராது. மலிவாகக் கிடைத்தாலும் அந்தப் பெட்டிகளுக்கு ஆர்க்கை நான் சொல்ல மாட்டேன்.

பாவித்த கார்ட் வாங்குவதில் பிழையில்லை. பெயரை மட்டும் பார்த்து வாங்குவதுதான் பிழை. ஜிடிஎக்ஸ் 1060-இல் 3 ஜிபிக்கும் 6 ஜிபிக்கும் மெமரி மட்டும் வித்தியாசமில்லை, கோர்களும் 1152, 1280 என்று வேறுபடும். ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி என்பது உள்ளுக்குள் 570-இன் உடன்பிறப்பு. ஜிடி 1030-இன் டிடிஆர்4 பதிப்பின் மெமரி வேகம் ஜிடிடிஆர்5 பதிப்பில் மூன்றில் ஒரு பங்குதான். மைனிங்குக்கென்றே (கிரிப்டோ நாணயம் ஈட்டுவதற்கான கணக்கு வேலை) செய்த பி106 கார்டில் மொனிற்றர் வயர் குத்த இடமே கிடையாது. இதைவிட, மிகப் பழைய கார்டின் பயோஸை (உள்ளே பதித்திருக்கும் மென்பொருளை) மாற்றி 1050 டிஐ என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். ஜிபியு-இசட் மென்பொருளைப் பென்டிரைவில் கொண்டுபோய், வாங்கும் இடத்திலேயே ஓட்டிப் பாருங்கள். இப்படியான போலிகளில் பலவற்றை அது காட்டிக் கொடுக்கும்.

எதீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் மைனிங் 2022 செப்டம்பரில் நின்ற பிறகு ஏராளமான கார்டுகள் சந்தைக்கு வந்தன. மைனிங் கார்ட் எல்லாமே கூடாதது என்றில்லை. ஃபேன் சத்தம் போடுகிறதா, சூடு எவ்வளவு ஏறுகிறது, திரையில் புள்ளிகளோ கோடுகளோ வருகிறதா என்று அரை மணித்தியாலம் கேம் ஓட்டிப் பாருங்கள். அதற்கு விடாதவரிடம் வாங்கவே வேண்டாம்.

கனடாவில் இருந்து மாமா கொண்டுவருகிற புதுக் கார்டென்றால், வொறன்ரி இலங்கையில் செல்லுமா என்று அவர் காசு கட்டுமுன் கேளுங்கள். செல்லாவிட்டால், பழுதானதும் திரும்ப அங்கேதான் அனுப்ப வேண்டும்.

பழைய விஜிஏ மொனிற்றர் வைத்திருப்பவர்கள் சிக்னல் மாற்றி ஒன்றுக்கும் காசு ஒதுக்குங்கள். ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்து விஜிஏவுக்கு வேண்டிய அனலொக் வெளியீடே இல்லை. படத்தை மட்டும் கடத்துகிற சாதாரண வயர் உதவாது, சிக்னலை மாற்றுகிற கருவி வேண்டும்.

டிரைவரையும் கவனியுங்கள். ஜிடிஎக்ஸ் 900, 10 வரிசைகளுக்குப் புதுக் கேம்களுக்கான டிரைவர் 2025 அக்டோபருடன் நின்றுவிட்டது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். 16 வரிசைக்கு அந்த நிறுத்தம் இல்லை. அதனால் 6 ஜிபி 1060-உம் 1660-உம் கிட்டத்தட்ட ஒரே விலைக்கு வந்து, உங்கள் பவர் சப்ளையும் 8 பின் வயரோடு இருந்தால், 1660-ஐயே எடுங்கள்.