புள்ளிக் குதிரையின் குணம் பார்ப்பது எப்படி: முரண்டு எது, மாலைக்கண் எது?

புள்ளிக் குதிரை இனங்களில் அப்பலூசா என்றால் முரண்டு, னாப்ஸ்ட்ரப்பர் என்றால் சாது என்று குதிரை வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அப்பலூசாவின் பிடிவாதத்துக்கு ‘அப்பிட்யூட்’ (அப்பலூசாவின் ‘ஆட்டிட்யூட்’) என்று அமெரிக்கர்கள் தனிப் பெயரே வைத்துவிட்டார்கள். சுழி பார்த்து மாடு பிடிக்கும் நமக்கு இந்தப் பழக்கம் புதிதல்ல. தோலில் இருப்பதை வைத்து உள்ளே இருப்பதைச் சொல்லிவிடலாம் என்ற ஆசைதான் இரண்டுக்கும் அடிப்படை.

புள்ளி குணத்தைத் தருவதில்லை. ஆனால் புள்ளியைத் தரும் மரபணு கண்ணையும் தொடுகிறது. இருட்டில் கண் தெரியாத குதிரை மிரளும், நின்றுவிடும், வண்டியில் ஏற மறுக்கும். பார்ப்பவர் அதைச் சண்டி என்பார். அதனால் புள்ளிக் குதிரையை எடைபோடும்போது முதலில் கண், அடுத்து வம்சம், பிறகு பழக்கம் என்று பாருங்கள். இவை மூன்றும் போக மிஞ்சுவதைத்தான் குணம் என்று சொல்லலாம்.

அது புள்ளிக் குதிரைதானா?

சந்தையில் புள்ளிக் குதிரை என்று காட்டப்படுபவற்றில் மூன்று வகை கலந்திருக்கும். பெரிய வெள்ளைத் திட்டுகளோடு இருப்பது பின்ட்டோ. நம் நாட்டுக் கத்தியவாரியிலும் இந்த நிறம் உண்டு. வெள்ளை உடலில் மணல் தூவியதுபோலச் சிறு பொட்டுகள் இருந்தால் அது வயதாகி வெளுத்த சாம்பல் குதிரை. சிறுத்தைப் புள்ளி இந்த இரண்டிலிருந்தும் வேறு. அது எல்பி என்ற மரபணு மாற்றத்தால் வருவது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

கண்டுபிடிக்க மூன்று இடம் பாருங்கள். உதடு, கண்ணோரம், வாலடி ஆகிய இடங்களில் தோல் கருப்பும் இளஞ்சிவப்புமாகப் பொரிபொரியாக இருக்கும். கருவிழியைச் சுற்றி மனிதக் கண்போல வெள்ளை தெரியும். குளம்பில் மேலிருந்து கீழாகக் கோடுகள் ஓடும். குளம்புக்கு மேலே கால் வெள்ளையாக இருந்தால் இந்தக் கோட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள். அந்த வெள்ளையாலேயே குளம்பு வெளுத்திருக்கும். அதுபோல, மற்றக் குதிரைகள் பயந்தால் கண் வெள்ளை தெரியும். புள்ளிக் குதிரைக்குத் தூங்கி விழும்போதும் தெரியும். இதைத் தெரியாதவர் ‘முறைக்கிறது’ என்று தள்ளி வைத்துவிடுவார். காதையும் மூக்குத் துளையையும் பார்த்து மனநிலையைச் சொல்லுங்கள். புள்ளிக் குதிரையில் கண் வெள்ளையை நம்பி எதுவும் சொல்ல முடியாது.

வம்சம் என்ன சொல்கிறது

அப்பலூசாவை வளர்த்தவர்கள் அமெரிக்க வடமேற்கின் நெஸ் பெர்ஸ் பழங்குடியினர். 1877 போரில் அவர்கள் தோற்றபின் மந்தைகள் சிதறின. 1938-ல் அப்பலூசா குதிரைச் சங்கம் தொடங்கி இனத்தை மீட்டெடுத்தபோது கலப்புக்கும் இடம் கொடுத்தார்கள். இன்றும் அரேபியன், பந்தயக் குதிரையான தரோபிரெட், அமெரிக்க மாட்டுப்பண்ணைக் குதிரையான குவார்ட்டர் ஆகிய மூன்று இனங்களோடும் கலக்க அனுமதி உண்டு. ஆகவே ‘அப்பலூசா குணம்’ என்று ஒன்றைத் தேடிப் பயனில்லை. பதிவுச் சான்றிதழில் மூன்று தலைமுறைப் பெயர்களைப் படித்துப் பாருங்கள். குவார்ட்டர் ரத்தம் மிகுந்தால் பொதுவாக நிதானமும் மாடு மேய்க்கும் சாதுரியமும் வரும். தரோபிரெட் மிகுந்தால் சூடு அதிகம். மேலே உட்காருபவரின் பதற்றத்தை நொடியில் பிடித்துக்கொள்ளும். அரேபியன் கலந்தது கூர்மையானது. ஒருமுறை வலித்ததை வருடக்கணக்கில் மறக்காது.

குவார்ட்டர் வம்சத்தோடு வரும் ஒரு வம்பையும் சொல்லவேண்டும். பிஎஸ்எஸ்எம் வகை 1 என்ற தசைக் கோளாறு அப்பலூசாவிலும் உண்டு. பதினைந்து இருபது நிமிடம் வேலை செய்ததும் பின்தொடை மரக்கட்டையாகி, வியர்த்துக் கொட்டி, அடி எடுத்து வைக்க மறுக்கும். மூத்திரம் காப்பி நிறத்தில் போனால் உடனே மருத்துவரைக் கூப்பிடவேண்டும், அதுவரை நடத்தக்கூடாது. மிதமாக இருந்தாலோ ‘சோம்பேறி, கால் வைத்து உதைத்தால்தான் நடக்கும்’ என்று முத்திரை விழும். பிடரிமயிரை வேரோடு பிடுங்கி அனுப்பினால் மரபணுச் சோதனையில் தெரிந்துவிடும். மாவுச்சத்தும் சர்க்கரையும் குறைந்த தீனி, தவறாத அன்றாட நடை இரண்டும் இருந்தால் பல ‘சோம்பேறிகள்’ திருந்திவிடும்.

னாப்ஸ்ட்ரப்பர் டென்மார்க் குதிரை. 1812-ல் ஃப்ளேபெஹோப்பன் என்ற பெண்குதிரையை வாங்கி, ஃபிரெடெரிக்ஸ்போர்க் இன ஆண்குதிரையோடு சேர்த்ததில் தொடங்கியது இந்த வம்சம். பிற்காலத்தில் எண்ணிக்கை குறைந்தபோது, 1971-ல் மூன்று அப்பலூசா ஆண்குதிரைகளை டென்மார்க்குக்குக் கொண்டுவந்தார்கள். இன்று கனத்த பரோக் வகை, உயரமான விளையாட்டு வகை, குட்டை வகை என மூன்றாகப் பிரிந்திருக்கிறது. சாது என்ற பெயர் பரோக் வகைக்குப் பெரும்பாலும் பொருந்தும். விளையாட்டு வகையில் வார்ம்பிளட் என்ற ஐரோப்பிய விளையாட்டுக் குதிரைகளின் கலப்பு உண்டு. புதிதாகப் பழகுபவரை அதில் ஏற்றுவதற்குமுன் இருமுறை யோசியுங்கள்.

ஆஸ்திரியாவின் நோரிக்கர் மலைப்பாதையில் சுமை இழுத்த கனரக இனம். அதில் புள்ளியுள்ளதை ‘டைகர்’ என்பார்கள். மிரள்வது குறைவு. சிக்கல் அதன் எடையில்தான். தோளால் தள்ளி வழி எடுக்கக் கற்றுக்கொண்டால் ஆள் நிறுத்த முடியாது. 1954-ல் ஐயோவா மாநிலத்தில் குழந்தைகளுக்காக உருவான போனி ஆஃப் தி அமெரிக்காஸ் 46 முதல் 56 அங்குல உயரம் வரும். மட்டக்குதிரையின் மூளை அதற்கு. குழந்தையின் கையிலிருந்து கயிற்றை இழுத்துப் புல்லுக்குக் குனிய இரண்டே நாளில் கற்றுக்கொள்ளும்.

மாலைக்கண்: இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள்

டிஆர்பிஎம்1 என்ற மரபணுவில் நேர்ந்த மாற்றம்தான் எல்பி. அந்த மரபணு தோலின் நிறமிச் செல்லிலும் வேலை செய்கிறது, விழித்திரையில் மங்கல் வெளிச்சத்தின் சேதியைக் கடத்தும் இடத்திலும் வேலை செய்கிறது. எல்பி ஒரு பிரதி மட்டும் இருந்தால் புள்ளி வரும், இரவுப் பார்வை கெடாது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்து இரண்டு பிரதி சேர்ந்தால் பிறவியிலேயே மாலைக்கண். பகலில் நன்றாகத் தெரியும். நோய் வளராது, குறையவும் குறையாது.

ஒரு பிரதியுள்ள இரண்டு குதிரைகளைச் சேர்த்தால் நான்கில் ஒரு குட்டிக்கு இந்த வாய்ப்பு. வெளியிலிருந்து கண்டுகொள்ள ஒரு குறிப்பு உண்டு. உடல் முழுக்கத் தெளிவான கரும்புள்ளி நிறைந்த சிறுத்தைப் புள்ளிக் குதிரைக்கு வழக்கமாக ஒரு பிரதிதான் இருக்கும். ஏறக்குறைய புள்ளியே இல்லாமல் வெளுத்த ‘ஃபியூ ஸ்பாட்’, இடுப்பில் புள்ளியில்லாத வெள்ளைப் போர்வை போர்த்திய ‘ஸ்னோகேப்’ இரண்டும் இரட்டைப் பிரதிக்காரர்கள். வெள்ளை அதிகம் பரவாத உடலிலும் இரண்டு பிரதி ஒளிந்திருக்கலாம் என்பதால் கண் மதிப்பீட்டோடு நிறுத்தாமல் மயிர்ச் சோதனை செய்துவிடுங்கள். பிடரியிலிருந்து 20–30 மயிர் போதும், ஆனால் வேர் இருக்கவேண்டும். கத்தரித்தது உதவாது. வேடிக்கை என்னவென்றால், பிறக்கும் குட்டியெல்லாம் எல்பியோடு பிறக்கும் என்பதால் இனப்பெருக்கத்துக்கு அதிக மதிப்புள்ளது இந்த மாலைக்கண் ஆண்குதிரைதான்.

இரவுச் சோதனையை இப்படிச் செய்யுங்கள்:

1. இருபது மீட்டர் சதுரமான, முள்வேலி இல்லாத அடைப்பைத் தேர்ந்தெடுங்கள். வைக்கோல் கட்டு, பிளாஸ்டிக் கூம்பு, தரையில் போட்ட கழி என்று இடித்தாலும் காயம் வராத ஐந்தாறு தடைகளைப் போடுங்கள்.

2. பகலில் ஒருமுறை நடத்திப் பாருங்கள். பகலிலேயே தடுமாறினால் சிக்கல் வேறு.

3. இருட்டியபின் 45 நிமிடம் குதிரையை வெளியிலேயே நிறுத்துங்கள். அதன் கண் இருளுக்குப் பழக மனிதக் கண்ணைவிடக் கூடுதல் நேரம் எடுக்கும். கைப்பேசி விளக்கைக்கூட அடிக்கக் கூடாது.

4. தடைகளை இடம் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் நீங்கள் சோதிப்பது பார்வையை அல்ல, ஞாபகத்தை.

5. தீனி வாளியோடு ஒருவர் எதிர்முனையில் நிற்கட்டும். அவர் வாளியை ஒருமுறை குலுக்கிவிட்டு அமைதியாகவேண்டும். கயிற்றைத் தளர்த்தி, குதிரை தானே வழி தேடும்படி பின்தங்கி நடங்கள். முன்னால் நடந்தால் அது உங்கள் காலடியைப் பின்பற்றித் தப்பித்துக்கொள்ளும். தலைக்கவசமும் கையுறையும் கட்டாயம்.

தடையில் இடிப்பது, மூக்கைத் தரையில் ஒட்டித் துழாவுவது, தலையை ஆகாயத்துக்குத் தூக்கிக் கோணலாக வைத்துப் பார்ப்பது, நகராமல் நிற்பது ஆகியவை மாலைக்கண்ணின் அடையாளம். உறுதிசெய்ய வேண்டுமானால் கண் மருத்துவத்தில் தேர்ந்த கால்நடை மருத்துவர் விழித்திரையின் மின்துடிப்பை அளந்து சொல்வார். வெறும் விளக்கு அடித்துப் பார்த்தால் கண் குறையில்லாமல்தான் தெரியும்.

மாலைக்கண் உள்ளதை வாங்கக் கூடாது என்பதில்லை. பகல் சவாரிக்கு அது முழுக் குதிரை. பொழுது சாய அரை மணிக்கு முன்பே லாயத்துக்குக் கொண்டுவந்து, சிறு விளக்கு ஒன்றை எரியவிட்டால் போதும். ஈ மறைக்கும் முகவலையை மாலையில் கழற்றிவிடுங்கள். அதுவே பாதி வெளிச்சத்தை உண்டுவிடும்.

மெல்லக் கெடும் கண்

இன்னொரு கண் நோய் இதைவிடக் கொடியது. விட்டுவிட்டு வரும் யுவியைட்டிஸ், அதாவது விழியின் உள்ளழற்சி. மற்ற இனங்களைவிட அப்பலூசாவுக்கு இது வர ஏறத்தாழ 8 மடங்கு வாய்ப்பு. மற்றக் குதிரைகளில் கண் சிவந்து, கூசி, நீர் வழியும். அப்பலூசாவில் பெரும்பாலும் அப்படி எதுவும் தெரியாமல் உள்ளே அரித்துக்கொண்டே போகும். கடைசியில் ‘இடப்பக்கம் போனால் உதைக்கிறது’ என்ற புகாராகத்தான் வெளிவரும்.

முன்னால் நின்று இரண்டு கண்ணையும் ஒப்பிடுங்கள். மேல் இமை மயிர் ஒரு கண்ணில் நேராக நீட்டி, மறு கண்ணில் கீழே சாய்ந்திருந்தால் சாய்ந்த கண்ணில் வலி. கண்மணி சுருங்கியிருப்பது, புகை படிந்த நிறம், ஒரு விழி மற்றதைவிடச் சிறுத்திருப்பது மூன்றும் கெட்ட குறி. பிறகு விரல்களை அகற்றிய கையை ஒரு சாண் தூரத்தில் கண்ணை நோக்கிக் கொண்டுபோங்கள். விரல் சேர்ந்திருந்தால் காற்றுப் பட்டே கண் சிமிட்டும், ஏமாந்துவிடுவீர்கள். சந்தேகமிருந்தால் ஒரு கண்ணைத் துண்டால் மூடி, ஐந்து நிமிடம் பழகவிட்டு, பகல் வெளிச்சத்தில் அதே தடைகளுக்கு நடுவே நடத்துங்கள். வாங்கியபின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவர் கண் பார்க்கவேண்டும்.

இனி குணம்

கண்ணும் தசையும் சரி என்றால் மூன்று முறை போய்ப் பாருங்கள். அதில் ஒருமுறை சொல்லாமல் போங்கள். மார்பிலும் சேணம் வைக்கும் இடத்திலும் காய்ந்த வியர்வை உப்பு இருந்தால், நீங்கள் வருமுன் வட்டமடிக்க விட்டுக் களைப்பாக்கி வைத்திருக்கிறார்கள். மேய்ச்சலிலிருந்து பிடிப்பது, கட்டிப்போடுவது, நான்கு குளம்பையும் தூக்குவது, சேணம் கட்டுவது எல்லாம் உங்கள் கண்முன் நடக்கட்டும். முதலில் விற்பவரே ஏறி ஓட்டவேண்டும். மருந்து கொடுத்து அடக்கியிருக்கக்கூடும் என்று தோன்றினால், மருத்துவச் சோதனையன்று ரத்தம் எடுத்துப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.

அப்பலூசாவிடம் முரண்டு என்று சொல்லப்படுவதில் உண்மையான பங்கு இது: ஒரே பாடத்தை நான்காம் முறை சொன்னால் அது சலித்து நின்றுவிடும். நின்றதும் ஓட்டுபவர் இறங்கிவிட்டால், நின்றால் வேலை முடியும் என்று அன்றே கற்றுக்கொள்ளும். பாடத்தை 15–20 நிமிடத்தில் முடியுங்கள். சரியாக ஓர் அடி வைத்த அந்த நொடியே கடிவாள இழுப்பைத் தளர்த்துங்கள். மூன்று நொடி தாமதித்தால் எதற்காகத் தளர்ந்தது என்று அதற்குப் புரியாது. மிரண்டபோது சாட்டையால் அடித்தால், மிரட்டிய பொருளோடு வலியும் சேர்ந்து மறுநாள் இரண்டு மடங்கு மிரளும்.

வெயில் காலத்தில் திடீரெனக் கடிவாளம் போட மறுத்தால் வாயைத் திறந்து பல்லைத் தேடுமுன் மூக்கைப் பாருங்கள். இளஞ்சிவப்புத் தோல் வெந்திருக்கும். துத்தநாகக் களிம்பு தடவி, ஆறும்வரை மேலே எதுவும் உராயாமல் விட்டால் பழையபடி தலையைக் கொடுக்கும்.

வீட்டுக்குக் கொண்டுவரும் பயணத்தைக் காலையில் வையுங்கள். இருட்டிய வண்டிக்குள் வெளிச்சத்திலிருந்து ஏறச் சொன்னால் நல்ல கண்ணுள்ள குதிரையே தயங்கும். உள்ளே விளக்குப் போட்டு, முன்கதவையும் திறந்துவையுங்கள். இறங்கியதும் பகல் இருக்கும்போதே வேலியோரமாக இரண்டு சுற்று, தண்ணீர்த் தொட்டி வரை ஒரு நடை கூட்டிப்போங்கள். துணைக்குதிரை இருந்தால் அதன் கழுத்தில் ஒரு மணி கட்டுங்கள். மாலைக்கண் உள்ளது முதல் வாரம் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கும்.