கதிரை இல்லாமல் குழுவை நடத்துவோர் விடும் பிழைகள்

யாழ்ப்பாணத்தில் இருந்தபடி கொழும்பு, ஒஸ்லோ, இலண்டன், ரொறொன்ரோ ஆட்களோடு சேர்ந்து ஒரே வேலையைச் செய்பவர்கள் இன்று மென்பொருள் நிறுவனங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும் நிறையப் பேர். அவர்களில் பலரிடம் ‘ஒருங்கிணைப்பாளர்’ என்ற பெயர் மட்டும்தான் இருக்கிறது. சம்பளத்தைக் கூட்டவோ, லீவை மறுக்கவோ, ஆளை மாற்றவோ அவர்களால் முடியாது. ஆனால் வேலை பிந்தினால் முதல் கேள்வி அவர்களிடம்தான் வரும். இந்த இடத்தில் நிற்பவர்கள் விடும் பிழைகள் பலவும் ஒரே வேரில் இருந்து வருகின்றன: தன் ஊர் வழக்கத்தையே எல்லோருக்கும் பொதுவான ஒழுங்கு என்று நம்பிவிடுவது.

எல்லாவற்றிலும் அதிகச் சேதம் செய்வது, கூட்டத்தில் எவரும் மறுத்துப் பேசாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது. பள்ளிக்கூடத்திலும் ரியூட்டரியிலும் முன்னால் நிற்கிறவரைப் பலர் முன்னிலையில் மறுக்காமல் இருக்கப் பழகியே நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். சொல்பவர் வயதில் மூத்தவர் என்றால் கேட்கவே வேண்டாம். குறித்த திகதிக்கு வேலை முடியாது என்று நன்றாகத் தெரிந்தும், “செய்து பார்க்கிறம் அண்ணா” என்று முடித்துக்கொள்வார்கள். பக்கத்துக் கதிரையில் இருக்கும் ஊர்க்காரருக்கு அந்தக் குரலிலேயே விஷயம் விளங்கிவிடும். திரையில் இருக்கும் நோர்வேக்காரர் அதை உறுதிமொழியாகக் குறித்துக்கொண்டு, தன் வாடிக்கையாளருக்கும் சொல்லிவிடுவார். மூன்று கிழமை கழித்து அவர் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார். இவர்களோ, நாங்கள் அப்போதே சொன்னோமே என்று நினைப்பார்கள். இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை. அமெரிக்க மானிடவியலாளர் எட்வர்ட் ஹோல் 1976 இல் இதைத்தான் விளக்கினார்: சில சமூகங்களில் செய்தியின் பெரும்பகுதி உறவிலும் சூழலிலும் இருக்கும், வேறு சிலவற்றில் வாய்விட்டுச் சொன்னது மட்டும்தான் செய்தி.

அதனால் “சரிதானே?” என்று கேட்டுக் கூட்டத்தை முடிக்காதீர்கள். அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் வரும். “இதில் எந்தப் பகுதி பிந்தக்கூடும்?”, “இது முடிய வேண்டுமென்றால் அதற்கு முன் யாரிடமிருந்து என்ன வர வேண்டும்?” என்று கேளுங்கள். சிக்கல் இருக்கும் என்பதை நீங்களே ஏற்றுக்கொண்டு கேட்பதால், சொல்பவர் யாரையும் மறுப்பதாக ஆகாது. கூட்டத்துக்கு முதல்நாளே விஷயத்தை எழுத்தில் அனுப்பி, கருத்தையும் எழுத்திலேயே வாங்குவது இன்னும் நல்லது. இளையவர்களை முதலில் பேச விடுங்கள் என்று சில பயிற்சிகளில் சொல்வார்கள். நம் இடத்தில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். படிப்பு முடித்து வந்து சில மாதமேயான பிள்ளையிடம் பத்துப் பேர் முன்னால் திடீரென்று கேட்டால், அது கேட்பவருக்குப் பிடித்த பதிலையே தேடும். அந்தப் பிள்ளையோடு முன்கூட்டியே தனியாகக் கதையுங்கள். அது தந்த கருத்தைக் கூட்டத்தில் அதன் பெயர் சொல்லி முன்வையுங்கள்.

அடுத்தது, இல்லாத அதிகாரத்தைக் கடன் வாங்குவது. பதில் வரவில்லை என்றவுடன் மேலாளருக்கும் பிரதி போகும்படி அவரைச் சிசியில் போட்டு மின்னஞ்சல் அனுப்புவார்கள். அன்றைக்கு வேலை நடக்கும். ஆனால் அந்த நபர் இனி உங்களிடம் சிக்கலை முன்கூட்டிச் சொல்ல மாட்டார். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பெரியவருக்கு முன்னால் குறை சொல்லப்படுவதை மானப் பிரச்சினையாக எடுக்கிறவர்கள் அதிகம். ஒஸ்லோவிலோ, நேரே என்னிடம் கேட்டிருக்கலாமே என்று குழம்புவார்கள். ஜோன் பிரெஞ்ச், பேர்ட்ரம் ரேவன் என்ற உளவியலாளர்கள் 1959 இல் செல்வாக்கின் ஊற்றுகளை ஐந்தாக வகுத்தார்கள்: பதவி, பரிசு, தண்டனை, நிபுணத்துவம், ஒருவர்மேல் மற்றவர் வைக்கும் மதிப்பு. பிறகு ரேவன் தகவலையும் சேர்த்தார். முதல் மூன்றும் உங்கள் கையில் இல்லை. மற்ற மூன்றும் இருக்கின்றன. யார் எங்கே தடைப்பட்டு நிற்கிறார், எது எதற்காகக் காத்திருக்கிறது என்பது முழுக் குழுவிலும் உங்களுக்குத்தான் தெரியும். அந்தத் தகவலை மறைத்து வைக்காமல் எல்லோருக்கும் கொடுப்பவரைத்தான் ஆட்கள் தேடி வருவார்கள்.

தமிழ்தானே, ஒரே ஆட்கள்தானே என்று எண்ணுவது இன்னொரு பிழை. ரொறொன்ரோவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை, “இந்த வடிவமைப்பு வேலை செய்யாது, திருப்பிச் செய்யுங்கள்” என்று சுருக்கமாகச் சொல்லும். ஒரு நோர்வேக்காரர் அதையே சொன்னால் தாங்கிக்கொள்கிற நம்மவர்கள், தமிழில் வரும்போது மரியாதை தெரியாத பிள்ளை என்று முகம் சுளிப்பார்கள். மறுபக்கத்தில், எங்கட ஆள்தானே, விளங்கிக்கொள்ளும் என்று எழுத்தில் எதுவும் போடாமல் விடுவார்கள். சென்னையில் இருந்து வருபவரோடும், மலையகத்தில் இருந்து வந்து இங்கே வேலை செய்பவரோடும் இதே கதைதான். வேலைப் பழக்கத்தை ஒவ்வொருவரிடமும் கேட்டுத்தான் அறிய வேண்டும். குறையை எப்படிச் சொன்னால் உங்களுக்கு வசதி, எழுத்திலா நேரிலா, என்று முதல் கிழமையிலேயே கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மொழி விஷயத்தில் நாம் மற்றவர்களைவிடக் கவனமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கொழும்பு அலுவலகங்களில் சிங்களத்தில் கதை முழுதும் நடந்து, முடிவு மட்டும் ஆங்கிலத்தில் தங்களிடம் வந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அதன் வலி தெரிந்தவர்களே, யாழ்ப்பாண அலுவலகத்தில் தனித்து இருக்கும் சிங்களச் சகோதரரை வைத்துக்கொண்டு தமிழில் தீர்மானம் எடுத்துவிடுகிறார்கள். தேத்தண்ணி நேரத்தில் தமிழில் கதைப்பது யாருக்கும் குற்றமில்லை. ஆனால் அங்கே ஒரு முடிவு பிறந்தால், அன்றைக்கே எல்லோருக்கும் விளங்கும் மொழியில், காரணத்தோடு எழுதிப் போட வேண்டும். முடிவை மட்டும் எழுதினால் போதாது. எதை விட்டு எதை ஏன் எடுத்தோம் என்று தெரியாதவர் அந்த முடிவைத் தன்னுடையதாக நினைக்க மாட்டார்.

நேரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இலங்கையில் மணிக்கூட்டை மாற்றுவதில்லை. ஐரோப்பாவில் ஒக்ரோபர் கடைசி ஞாயிறும் ரொறொன்ரோவில் நவம்பர் முதல் ஞாயிறும் குளிர்காலத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைக்கிறார்கள். ரொறொன்ரோவின் காலை 9 மணிக் கூட்டம் கோடையில் நமக்கு மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. பருத்தித்துறைக்கோ சாவகச்சேரிக்கோ பஸ்ஸில் போக வேண்டியவருக்கு அந்த ஒரு மணித்தியாலம் பெரிது. எப்போதும் ஒரே பக்கம் விட்டுக்கொடுக்காமல் நேரத்தை மாற்றி மாற்றி வையுங்கள். ஒவ்வொரு மாதமும் போயா (பௌர்ணமி) நாள் விடுமுறை என்பதையும், நல்லூர்த் திருவிழா 25 நாள் என்பதையும், வெள்ளி மதியம் ஜும்மாத் தொழுகை என்பதையும் வெளியூர்க்காரருக்கு வருடத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். திருவிழா நாட்களில் குழுவைக் கோழிப் பொரியலுக்குக் கூட்டிப்போகும் ஏற்பாடு செய்யாதீர்கள்.

இவ்வளவும் வாசித்தபின் வரக்கூடிய பிழை ஒன்றும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் பண்பாட்டையே காரணமாகக் காட்டுவது. மேலே இருப்பவரின் அதிகாரத்தைக் கீழே இருப்பவர்கள் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள் என்பதை, அதாவது ‘அதிகார இடைவெளியை’, நாடு நாடாக அளந்த நெதர்லாந்து ஆய்வாளர் கேர்ட் ஹோஃப்ஸ்டெட, 1960களின் பிற்பகுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் ஐபிஎம் ஊழியர்களிடம் பெற்ற ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வினாக்கொத்துகளை வைத்தே அதைச் செய்தார். அவை நாட்டுச் சராசரிகள், தனி ஆளை அளக்க உதவாதவை என்று அவரே எச்சரித்திருக்கிறார். ஒருவர் பதில் போடாமல் இருப்பதற்குக் காரணம் அவர் தலையில் மூன்று வேலை இருப்பதாகவும் இருக்கலாம். “அவங்கள் அப்படித்தான்” என்று தொடங்கும் பேச்சை எந்தப் பக்கத்தைப் பற்றி வந்தாலும் நிறுத்துங்கள்.

கடைசியாக, கேட்காமல் பொறுப்பை ஏற்பது. மூத்தவர் ஒரு வேலையைத் தரும்போது எல்லையைக் கேட்பது நம்மிடையே அகங்காரம் போலத் தெரியும். அதனால் பலர் கேட்பதில்லை. வேலை தொடங்க முன்னமே மேலாளரிடம் மூன்றை எழுத்தில் வாங்குங்கள்: எந்த முடிவுகளை நீங்களே எடுக்கலாம், எவற்றை அவரிடம் கொண்டுபோக வேண்டும், இரண்டு அலுவலகங்கள் முரண்பட்டால் எத்தனை நாளுக்குள் யார் தீர்ப்பார். அதை முழுக் குழுவுக்கும் அவரே அனுப்பட்டும். அவர் அனுப்பத் தயங்கினால், வேலை முடிய வேண்டிய திகதிகளுக்கு நீங்கள் பொறுப்பு நிற்க முடியாது என்பதைப் பணிவாக, அப்போதே சொல்லிவிடுங்கள்.