பூங்கா இடத்தைக் காக்கக் கிளம்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலியில் பெருமாள்புரம், மகாராஜ நகர் பக்கத்திலிருந்து குடியிருப்போர் சங்கத்து இளைஞர்கள் என்னிடம் வருவார்கள். மறுகட்டுமானம் என்று பேச்சு கிளம்பியதும், பொது இடத்தை மாநகராட்சி விட்டுவிடுமோ என்ற கவலை. மனு நன்றாகவே எழுதுகிறார்கள். ஆனால் நாங்கள் இருபது வருடத்துக்கு முன் சறுக்கிய அதே இடத்தில் சறுக்குகிறார்கள்.

வரைபடத்தில் 'பூங்கா' என்று இருந்தால் போதும் என்று நம்புவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. பாளையங்கோட்டையில் எங்கள் மனைப்பிரிவு வரைபடத்தில் முப்பது சென்ட் பூங்காவுக்கு என்று தெளிவாக இருந்தது. வேப்பங்கன்று நட்டோம், பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினார்கள். மனை போட்டவர் காலமான பிறகு வாரிசுகள் பட்டாவோடு வந்து நின்றார்கள். பக்கத்து மனைகளையும் சேர்த்து அடுக்குமாடி கட்டப் போவதாகச் சொன்னார்கள்.

கவுன்சிலர் எங்கள் பக்கம்தான். ஆனால் இடத்தைக் கையில் வைத்துக்கொள்ள மாநகராட்சி மன்றம் முடிவெடுக்க வேண்டுமானால், முதலில் அது மன்றத்தின் கையில் இருக்க வேண்டுமே! இடத்தை மாநகராட்சிக்குக் கொடுத்ததாகத் தானப் பத்திரம் பதிவே ஆகியிருக்கவில்லை. நாங்கள் ஒருவர்கூடப் போய்ப் பார்த்ததில்லை.

வரைபட ஒப்புதலால் மட்டும் திறந்தவெளியின் உரிமை மாநகராட்சிக்கு மாறிவிடாது என்று டெல்லியின் சேத் ராம் வசிஷ்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொதுநலக் காவலராக அதைப் பராமரிக்கலாம், அவ்வளவுதான். எங்கள் இடத்தில் கட்டடம் எழும்பவில்லை, பூங்காவும் வரவில்லை. வேலிக்குள் உடைமுள் மண்டிக் கிடக்கிறது.

இப்போது உள்ள 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதம் திறந்தவெளி விட வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை, இடம் தர முடியாவிட்டால் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்ட வழி உண்டு. அதைத் தாண்டினால் பணம் கட்டித் தப்பிக்க முடியாது, நிலத்தையே தானப் பத்திரம் போட்டுத் தர வேண்டும்.

ஆகவே சர்வே எண்ணை வைத்து முதலில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். தானப் பத்திரம் இருக்கிறதா? சரி, அப்புறம் டவுன் சர்வே பதிவேட்டில் மாநகராட்சி பெயருக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பத்திரம் பதிவாகியும் பட்டா பழைய பெயரிலேயே கிடந்தால், அதைக் காட்டியே விற்றுவிடுவார்கள்.

தீர்மானம் நிறைவேறிய பிறகு ஓடுவது

கைக்கு வந்த இடத்தை வைத்துக்கொள்வதா, குத்தகைக்கு விடுவதா என்பதில் மன்றத்துக்கு விருப்புரிமை உண்டுதான். ஆனால் அது பொதுநலனுக்குக் கட்டுப்பட்டது. பெங்களூரில் பூங்கா இடத்தைத் தனியார் மருத்துவமனைக்கு ஒதுக்கியதை 1991இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கூட்டத்துக்கு முன்பே பொருள் நிரலைக் கேட்டு வாங்கி, ஆட்சேபணையை எழுத்தில் கொடுங்கள். ஆவணம் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாள்.

புறம்போக்கு எல்லாம் மாநகராட்சியுடையது என்று நினைப்பது

பல இடங்கள் வருவாய்த்துறைக் கணக்கில் இருக்கும். அதற்குக் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுக்க வேண்டும்.

வாய்மொழி உறுதி

தேதி போட்டு எழுத்தில் வாங்குங்கள்.

அளக்காமல் மரம் நடுவது

சர்வேயரை வைத்து அளந்து முதலில் கல் நடுங்கள். கன்று அப்புறம்.