மூக்கு டியூப் போட்டவருக்கு வீட்டில் சாப்பாடு கொடுப்பது

22 வருடம் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். அதில் பாதிக்கு மேல் இரைப்பை, குடல் நோயாளிகள் இருக்கும் வார்டு. மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் ரைல்ஸ் டியூப்பை எத்தனை பேருக்குப் போட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஆனாலும் பக்கவாதம் வந்து விழுங்க முடியாமல் போன அப்பாவை, டியூப்போடு திண்டுக்கல் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் வீட்டுக்குக் கூட்டி வந்த முதல் ராத்திரி எனக்கே கை நடுங்கியது. வார்டில் எக்ஸ்ரே இருந்தது, கூப்பிட்டால் டாக்டர் வருவார். வீட்டில் இருந்தது ஒரு சிரிஞ்ச், ஒரு டம்ளர் கஞ்சி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மா. டிஸ்சார்ஜ் சீட்டில் 'இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஃபீட்', அதாவது டியூப்பில் சாப்பாடு, என்று ஒரே வரி.

அந்த வரிக்குப் பின்னால் இருக்கிற வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன். இதில் வரும் அளவுகள் பொதுவானவை. உங்கள் டாக்டரோ டயட்டீஷியனோ வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். இன்னொன்று: வயிற்றைத் துளைத்து சிறுகுடலில் டியூப் வைத்திருப்பவர்களுக்கு, அதாவது ஜெஜுனாஸ்டமி செய்தவர்களுக்கு, சிரிஞ்சில் ஒரே மூச்சாக ஊற்றக் கூடாது, சொட்டுச் சொட்டாகத்தான் போக வேண்டும். அவர்களுக்கு இந்த முறை பொருந்தாது.

முதலில் உட்கார வையுங்கள். கட்டிலோடு ஒட்டப் படுத்திருப்பவருக்கு ஒரு ஸ்பூன் தண்ணீர்கூட டியூப்பில் போகக் கூடாது. இரைப்பையில் விழுந்தது மேலே ஏறி மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியாதான். தலைமாடு 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். தலைக்கு மட்டும் இரண்டு தலையணை வைத்தால் கழுத்துதான் மடங்கும், நெஞ்சு உயராது. இடுப்பிலிருந்து சாய்வு வர வேண்டும். வாடகைக்குக் கிடைக்கிற மடக்குக் கட்டில் நல்லது. அது வரும்வரை நாங்கள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்து அப்பா முதுகுக்குப் பின்னால் கொடுத்து, மேலே தலையணை அடுக்கினோம். முழங்காலுக்குக் கீழே ஒரு போர்வையைச் சுருட்டி வைத்தால் ஆள் கீழே சறுக்கி வர மாட்டார். சாப்பாடு முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். புரட்டிப் போடுவது, டயப்பர் மாற்றுவது, முதுகு தட்டுவது எல்லாம் ஃபீடுக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

அப்புறம் டியூப் இருந்த இடத்தில்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும். டியூப் போட்ட அன்று மூக்கு ஓரத்தில் எந்த எண் அல்லது கோடு தெரிகிறதோ அதை எழுதி வைத்து, மார்க்கர் பேனாவால் டியூப்பிலும் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடு வெளியே வந்திருந்தால் ஃபீட் வேண்டாம். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பாருங்கள். பலமாக இருமினாலோ வாந்தி எடுத்தாலோ டியூப் தொண்டையில் சுருண்டு கிடக்கலாம், மூக்கில் கோடு மட்டும் சரியாகவே தெரியும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சிரிஞ்சால் காற்றை அடித்து, வயிற்றில் ஸ்டெத் வைத்துச் சத்தம் கேட்டுத் திருப்திப்பட்டுக்கொள்வோம். அது நம்பத் தகுந்ததல்ல. டியூப் நுரையீரலில் இருந்தாலும் அதே சத்தம் வயிற்றில் கேட்கும். நுனியைத் தண்ணீரில் வைத்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதும் அப்படித்தான். புதிதாகப் போட்ட டியூப்புக்கு எக்ஸ்ரேதான் உறுதி. அல்லது உறிஞ்சி எடுத்த நீரை, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் தாளில் வைத்து 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்கு அந்த எண் கூடுதலாகக் காட்டும், அதையும் சொல்லிவிடுங்கள். சந்தேகம் துளி இருந்தாலும் ஊற்ற வேண்டாம், ஒரு வேளைக்கான ஃபீட் போகாதது பெரிய நஷ்டமில்லை.

கோடு சரியாக இருந்தால் 50 மில்லி சிரிஞ்சை மாட்டி மெதுவாக உறிஞ்சிப் பாருங்கள். 1921-ல் ஜான் ஆல்ஃபிரட் ரைல் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்த டியூப்பைக் கொண்டுவந்ததே இரைப்பையில் இருப்பதை எடுத்துச் சோதிக்கத்தான். நிறமில்லாத நீரோ திரிந்த பால் மாதிரியோ வந்தால் கவலை வேண்டாம். அதை மெதுவாகத் திரும்பச் செலுத்திவிடலாம். பச்சையாக வந்து, கூடவே வயிறும் உப்பியிருந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். காபித்தூளைக் கரைத்த மாதிரி வந்தால் இரைப்பையில் ரத்தம் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். சிவப்பாகவும் வரலாம். இரண்டுக்கும் ஃபீட் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. தார் போல் கறுப்பாக மலம் போனாலும் அப்படியே.

200 மில்லிக்கு மேல் வந்தால் போன வேளைக் கஞ்சி இன்னும் செரிக்கவில்லை. திரும்ப விட்டு, ஒரு மணி நேரம் பொறுத்து மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் அந்த வேளையை விட்டுவிட்டு டாக்டரிடம் பேசுங்கள். நீண்ட நாள் சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். அப்பாவுக்கு 20 வருடச் சர்க்கரை. இரண்டாம் நாள் மதியம் உறிஞ்சினால் காலைக் கஞ்சி 180 மில்லி அப்படியே வந்தது. டாக்டருக்கு போன் செய்து, இரண்டு மணிக்கொரு முறை என்பதை மூன்று மணியாக மாற்றினோம். காலை 6 தொடங்கி ராத்திரி 9 வரை ஆறு வேளை, வேளைக்கு 200 மில்லி. அதன் பிறகு பொருமல் அடங்கியது. இன்சுலின் போடுகிறவர்கள் கவனியுங்கள்: ஒரு வேளை ஃபீட் கொடுக்காமல் விட்டாலோ, கொடுத்ததை வாந்தி எடுத்தாலோ, இன்சுலினை வழக்கம்போல் போட்டால் சர்க்கரை இறங்கிவிடும். குளுக்கோமீட்டரில் பார்த்துவிட்டு, டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

இப்போது ஊற்றலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். டியூப்பை விரலால் மடக்கிப் பிடித்துக்கொண்டு மூடியைத் திறங்கள், அப்போதுதான் காற்று உள்ளே போகாது. சிரிஞ்சின் தண்டை உருவி எடுத்துவிட்டு, வெறும் குழலை டியூப்பில் மாட்டுங்கள். முதலில் 30 மில்லி ஆறிய வெந்நீர். பிறகு கஞ்சி. மடக்கிய விரலை விட்டால் அது தன் எடையில் இறங்கும். வயிற்றிலிருந்து ஒரு முழ உயரத்தில் பிடித்தால் போதும். வேகமாகப் போனால் தாழ்த்துங்கள், நின்றால் கொஞ்சம் உயர்த்துங்கள். சிரிஞ்ச் முழுக்கக் காலியாகும் முன் அடுத்ததை ஊற்றுங்கள். 200 மில்லி இறங்க 15 முதல் 20 நிமிடம் ஆக வேண்டும். கடைசியில் மறுபடி 30 மில்லி தண்ணீர், மடக்கிப் பிடித்து மூடி.

தண்டைப் போட்டு அழுத்தக் கூடாது. என் தம்பி ஒருநாள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் 200 மில்லியை இரண்டு நிமிடத்தில் தள்ளிவிட்டான். கால் மணி நேரத்தில் அப்பாவுக்கு விக்கல், பிறகு வாந்தி, முகமெல்லாம் வியர்வை. அன்று நுரையீரலுக்குப் போகாமல் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். வார்டிலும் நான் பார்த்த புரையேற்றங்களில் பெரும்பாலானவை இந்த அவசரத்தால் வந்தவைதான். அந்த 20 நிமிடம் அப்பா பக்கத்தில் உட்கார நேரமில்லாதவர் அந்த வேளை ஃபீட் கொடுக்க வரக் கூடாது என்று வீட்டில் விதியே வைத்தோம். உட்கார்ந்திருக்கும்போது பேசுங்கள். "அப்பா, இன்னிக்குப் பாசிப்பருப்புக் கஞ்சி" என்று அம்மா சொல்லிவிட்டுத்தான் ஊற்றுவார். அவர் பதில் சொல்ல மாட்டார், கண் மட்டும் டம்ளர் பக்கம் திரும்பும்.

நடுவில் இருமினால், மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால் அந்த நொடியே டியூப்பை மடக்கி நிறுத்துங்கள். நிமிர்த்தி உட்கார வையுங்கள். தேறவில்லை என்றால் 108.

என்ன கொடுப்பது? நம் வீடுகளில் நடக்கிற பெரிய தவறு, தெளிந்த கஞ்சித் தண்ணீரையும் இளநீரையும் மாற்றி மாற்றி ஊற்றுவது. வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், ஆள் உருகிப் போவார், முதுகில் படுக்கைப் புண் வரும். பொதுவாக ஒரு கிலோ எடைக்கு 25 முதல் 30 கிலோ கலோரி வேண்டும். 55 கிலோ இருந்த அப்பாவுக்கு ஒரு நாளைக்கு சுமார் 1400 முதல் 1650 வரை. புரதமும் 55 கிராமுக்குக் குறையக் கூடாது. ஆனால் பல நாள் சாப்பிடாமல் கிடந்தவருக்கு முதல் நாளே இந்த அளவைக் கொடுக்கக் கூடாது. ரத்தத்தில் உப்புகள் தாறுமாறாகி இதயத்தையே பாதிக்கும். டாக்டர் சொல்கிறபடி படிப்படியாக ஏற்றுங்கள்.

சத்து வேண்டுமென்று மாவைக் கூட்டினால் கஞ்சி கெட்டியாகி டியூப் அடைக்கும். கேழ்வரகு ஆற ஆற இறுகும். இதற்கு நம் பாட்டிமார் கைப்பழக்கத்தில் வழி இருக்கிறது: முளைகட்டிய மாவு. கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட்டதும் காயவைத்து, லேசாக வறுத்து அரைத்து, வேட்டித் துணியில் சலித்து வையுங்கள். கஞ்சியை வழக்கம்போல் கெட்டியாகக் காய்ச்சி இறக்கி, கொதி அடங்கிக் கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலே இருக்கும்போது இந்த மாவில் ஒரு டீஸ்பூன் போட்டுக் கலக்குங்கள். சில நிமிடத்தில் கஞ்சி கண்ணெதிரே இளகி, பால் போல் ஓடும். முளையில் இருக்கும் அமைலேஸ் மாவுச்சத்தை உடைப்பதால் வரும் மாற்றம் இது. கொதிக்கும்போது போட்டால் அது செத்துவிடும், இளகாது. இளகியபின் ஒரு கொதி விட்டு, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். இதனோடு வேகவைத்து மசித்த பாசிப்பருப்பு, பால் அல்லது மோர், டயட்டீஷியன் சொல்லும் புரதப் பவுடர். பச்சை முட்டை வேண்டாம். சிறுநீரகக் கோளாறு இருப்பவருக்கு இளநீர் வேண்டவே வேண்டாம், பொட்டாசியம் ஏறிவிடும்.

செய்ததை நம் ஊர் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் 24 மணி நேரத்துக்குள் முடியுங்கள். குளிர்ச்சியாகவும் ஊற்றக் கூடாது. மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டால் சூடும் தெரியக் கூடாது, சில்லென்றும் இருக்கக் கூடாது.

பேதி வந்தால் எல்லோரும் கஞ்சியைத்தான் குறை சொல்வார்கள். முதலில் ஆன்டிபயாட்டிக் ஓடுகிறதா, புதிதாக ஏதும் சிரப் சேர்த்தார்களா, வேகமாக ஊற்றினோமா, சிரிஞ்சைச் சரியாகக் கழுவினோமா என்று பாருங்கள். பால் ஒத்துக்கொள்ளாமலும் இருக்கலாம், மோருக்கு மாற்றிப் பாருங்கள். ஃபீடை நீங்களாக முழுக்க நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். மலச்சிக்கலுக்குத் தண்ணீர் போதாததும் ஒரு முக்கியக் காரணம்.

மாத்திரைகளைக் கஞ்சியில் கலக்கவே கூடாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக நைஸாகப் பொடித்து, தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, இரண்டுக்கும் நடுவில் 10 மில்லி தண்ணீர் விடுங்கள். பெயரோடு எஸ்ஆர், எக்ஸ்ஆர், சிஆர் என்று இருப்பவை மெதுவாகக் கரைய வேண்டியவை. பொடித்தால் முழு மருந்தும் ஒரேயடியாக ஏறும். பான்டோபிரசோல் மாதிரி மேல்பூச்சு உள்ளவற்றையும் பொடிக்கக் கூடாது. டாக்டரிடம் மாற்றிக் கேளுங்கள். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின் ஃபீடோடு சேர்ந்தால் உடம்பில் சரியாக ஏறாது. எத்தனை மணி இடைவெளி விட வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

டியூப் அடைத்தால் வெதுவெதுப்பான தண்ணீரை 50 மில்லி சிரிஞ்சில் எடுத்து, மெல்லத் தள்ளி மெல்ல இழுங்கள். சின்ன சிரிஞ்ச் வேண்டாம், அதில் அழுத்தம் அதிகம், டியூப் கிழியும். கம்பி விடுவது, கோலா ஊற்றுவது எதுவும் கூடாது. டியூப் வெளியே வந்துவிட்டால் நீங்களே திரும்ப உள்ளே தள்ளாதீர்கள்.

மூக்குப் பிளாஸ்டரைத் தினம் மாற்றி, டியூப் மூக்கின் ஒரே இடத்தை அழுத்தாதபடி கொஞ்சம் நகர்த்தி ஒட்டுங்கள். இல்லாவிட்டால் மூக்கு மடலில் புண் வந்துவிடும். வாயால் சாப்பிடாதவருக்கு வாய் சுத்தம் எதற்கு என்று கேட்பார்கள். அவர்களுக்குத்தான் அதிகம் வேண்டும். எச்சில் காய்ந்து, நாக்கில் படிந்த கிருமி எச்சிலோடு நுரையீரலுக்கு இறங்கும். காலையும் இரவும் மெத்தென்ற பிரஷ், நடுவில் ஈரப் பஞ்சு, உதட்டுக்குத் துளி தேங்காய் எண்ணெய்.

நான்கைந்து வாரம் தாண்டியும் டியூப் தேவைப்பட்டால் பெக் பற்றி டாக்டரே பேசுவார். எண்டோஸ்கோப் உதவியோடு வயிற்றில் சின்னத் துளையிட்டு வைக்கும் டியூப் அது. அம்மா பயந்தார், நான் பிடிவாதமாக இருந்தேன். ஏழாவது வாரம் வைத்த பிறகு அப்பாவின் மூக்குப் புண் ஆறியது, ராத்திரி தூக்கத்தில் டியூப்பைப் பிடித்து இழுப்பதும் நின்றது. அது தற்செயலாக வெளியே வந்துவிட்டால் சில மணி நேரத்தில் துளை சுருங்கத் தொடங்கும். துணியால் மூடி உடனே கிளம்புங்கள்.

கடைசியாக, பார்க்க வரும் உறவினர்கள். எங்கள் அத்தை முதல் வாரமே ஒரு ஸ்பூன் காபியோடு வந்துவிட்டார். "தம்பி நாக்கு வறண்டு கிடக்கே" என்று கண் கலங்க நின்றவரைத் தடுப்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் விழுங்கும் சோதனை செய்து ஸ்பீச் தெரபிஸ்ட் சரி என்று சொல்லும்வரை வாயில் ஒரு சொட்டும் போகக் கூடாது. அத்தை கையில் ஈரப் பஞ்சைக் கொடுத்து, பிழிந்துவிட்டு உதட்டைத் துடைக்கச் சொன்னேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார், அத்தை கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருந்தார்.